ஒரே எலும்பு முறிவு. ஒருவருக்கு அறுவை சிகிச்சை, மற்றவருக்கு ஓய்வு ஏன்?

கேள்வி: பேருந்து மோதி பைக்கிலிருந்து விழுந்த என் தம்பிக்கு (வயது 34) இடுப்பெலும்பு இரண்டு இடங்களில் முறிந்துவிட்டது. முதல் நாள் இடுப்பைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டினார்கள். ஐந்து நாள் கழித்துத்தான் பிளேட் வைத்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்த எங்கள் அத்தைக்கும் (வயது 72) அதே எலும்பில் இரண்டு முறிவுகள். அவருக்கோ ஓய்வும் வலி மாத்திரையும் போதும் என்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு? மாவுக்கட்டு போட்டிருக்கக் கூடாதா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: இரு பக்க இடுப்பெலும்புகளும், முதுகுத்தண்டின் அடியிலுள்ள திருவெலும்பும் வலுவான நார்களால் பிணைந்து உருவாகும் வளையமே இடுப்புக்கூடு. இறுக்கமான வளையம் ஓரிடத்தில் மட்டும் உடைவது அரிது என்பதால், முறிவுகளின் எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. உடலின் எடை வளையத்தின் பின்பகுதி வழியாகவே கால்களுக்கு இறங்குகிறது. அந்தப் பகுதி அசையாமல் நிற்கிறதா என்பதைத்தான் சி.டி. ஸ்கேனில் முதலில் பார்க்கிறோம்.

முதியவர்கள் வழுக்கி விழும்போது பெரும்பாலும் முன்புறத்து மெல்லிய எலும்புகளே முறிகின்றன; பின்னால் கீறல் இருந்தாலும் எலும்பு விலகியிருக்காது. உங்கள் அத்தையின் நிலை அதுவானால் அறுவை சிகிச்சை தேவையில்லை. ஆனால் ஓய்வு என்பதற்காக அவரைப் படுக்கையிலேயே கிடத்திவிடாதீர்கள். படுக்கைப் புண், நுரையீரல் தொற்று, கால் இரத்தக் குழாய்களில் இரத்த உறைவு ஆகியவை முறிவைவிடப் பெரிய ஆபத்துகள். வலி அடங்கியதும் வாக்கர் பிடித்து நடக்கவைப்பதும், எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து தொடங்குவதும் அவசியம்.

உங்கள் தம்பியின் கதை வேறு. வாகன மோதலின் வேகத்தில் வளையத்தின் முன்மூட்டு விரிந்து பிளந்துகொண்டால், பின்னாலுள்ள இரத்தக் குழாய்கள் கிழிந்து, வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் லிட்டர் கணக்கில் இரத்தம் உள்ளே தேங்கக்கூடும். முதல் நாள் கட்டிய துணி விரிந்த வளையத்தைச் சேர்த்துப் பிடித்து இரத்தப்போக்கைக் குறைப்பதற்கானது. அதைத் தொடையெலும்பின் மேல்முனை புடைத்திருக்கும் மட்டத்தில் கட்டவேண்டும். பலர் வேட்டி கட்டும் இடத்தில் கட்டிவிடுகிறார்கள், அதனால் பயனில்லை. இரத்தம் ஏற்றி, இரத்த அழுத்தம் நிலைப்பட்ட பிறகே பிளேட்டும் ஸ்க்ரூவும் வைப்பது பாதுகாப்பானது என்பதால், அந்த ஐந்து நாள்களைத் தாமதம் என்று சொல்லமாட்டேன். தொடையெலும்பின் தலை பொருந்தும் கிண்ணம் உடைந்திருந்தால் மட்டும் வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின் எலும்பு தவறான நிலையிலேயே ஒட்டத் தொடங்கிவிடும். அங்கே சில மில்லிமீட்டர் மேடு பள்ளம் எஞ்சினாலும் பிற்காலத்தில் மூட்டு தேய்ந்து, மூட்டு மாற்று சிகிச்சை வரை போக நேரிடலாம்.

கை கால்களைப்போல் இந்த வளையத்தை வெளியிலிருந்து மாவுக்கட்டால் பிடித்து நிறுத்த முடியாது. எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது இரத்தப்போக்கை மீண்டும் தூண்டலாம், தயவுசெய்து வேண்டாம்.

இனி, அடிபட்ட பக்கத்துக் காலை ஊன்றுவதற்கு 6 முதல் 12 வாரங்கள் வரை ஆகலாம். எப்போது என்பதை அறுவை செய்த மருத்துவரே சொல்லவேண்டும். கெண்டைக்கால் வீங்கினாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிளேட்டைப் பொதுவாக எடுக்க வேண்டியதில்லை. சிறுநீர்க் குழாயும் தாம்பத்திய உறவுக்கான நரம்புகளும் இவ்வளையத்தை ஒட்டியே செல்வதால், அவற்றில் குறை தோன்றினால் உங்கள் தம்பி கூச்சப்பட்டு மறைக்காமல் சிறுநீரியல் மருத்துவரிடம் சொல்லவேண்டும்; பெரும்பாலான ஆண்கள் நாமாகக் கேட்கும்வரை வாய் திறப்பதில்லை.