பழைய இராணுவ ஜீப்பில் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) அன்டெனா: கேள்வி – பதில்

கேள்வி: இராணுவத்திலிருந்து ஏலத்துக்கு வந்த லாண்ட் ரோவர் என்னிடம் இருக்கிறது. முன் மட்கார்டில் இருந்த பழைய ஏரியல் தாங்கியிலேயே 2.5 மீற்றர் விப் என்ற வளையும் கம்பி அன்டெனாவைப் பூட்டி, அடியில் சுருள் வைத்து 40 மீற்றர் அலைவரிசைக்கு (7 மெகாஹேர்ட்ஸ்) ட்யூன் செய்தேன். எஸ்டபிள்யூஆர் (அன்டெனா செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.1 காட்டுகிறது. ஆனாலும் கண்டியில் உள்ளவருக்கே என் குரல் சரியாகக் கேட்பதில்லை. ஏன்?
– வாசகர், ஹட்டன்

பதில்: சந்தேகப்பட வேண்டியது அந்த 1.1ஐத்தான். 7 மெகாஹேர்ட்ஸில் 2.5 மீற்றர் விப்பின் கதிர்வீச்சுத் தடை (அலையாக வெளியேறும் சக்திக்கான பங்கு) 2 ஓம்கூட இல்லை. சுருளின் இழப்பு, வண்டியின் இழப்பு, நிலத்தின் இழப்பு எல்லாம் சேர்ந்தாலும் ஒழுங்காகப் பூட்டிய அன்டெனாவில் மொத்தம் 15 முதல் 25 ஓம்தான் வரும். அதாவது பொருத்தும் சுருள் போடாத நிலையில் எஸ்டபிள்யூஆர் 2க்கும் 3.3க்கும் இடையில் நிற்க வேண்டும். எதுவும் போடாமலே செட் எதிர்பார்க்கும் 50 ஓம் வருகிறதென்றால் மீதி 25 முதல் 35 ஓம் எங்கோ வெறும் சூடாகப் போகிறது. 100 வாட் கொடுத்தால் வானத்துக்குப் போவது சுமார் 3 வாட்.

அன்டெனாவின் மறுபாதி வண்டியின் உடம்புதான். லாண்ட் ரோவரில் தகடுகள் அலுமினியம், சேஸி இரும்பு. இடையில் பெயின்ற், ஒட்சைட், துரு. ஆகவே ஈயம் பூசிய செப்புப் பின்னல் பட்டியால் (அகலம் 20–25 மி.மீ., நீளம் முடிந்தளவு குறைவாக) மட்கார்டையும் முன் தடுப்புத் தகட்டையும், பொனட்டின் இரு கீல்களையும், பின் பெட்டியையும் சேஸியையும் இணையுங்கள். புகைக்குழாயை இரண்டு இடங்களில் சேஸியோடு சேருங்கள். போல்ட் பிடிக்கும் இடத்தில் பெயின்றைப் பளபளவென்று சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். வெறும் செப்பை அலுமினியத்தில் வைக்க வேண்டாம். நம் பக்கத்து மூடுபனியில் ஒரு மழைக்காலம் போவதற்குள் அந்த இடம் வெள்ளைப் பொடியாய் அரித்துவிடும்.

பட்டிகள் போட்ட பின் எஸ்டபிள்யூஆர் 2க்கு மேல் ஏறினால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம். இனித்தான் ட்யூனிங். 50 மி.மீ. பிவிசி குழாயில் 1.6 மி.மீ. எனாமல் கம்பியை 10 செ.மீ. நீளத்துக்குள் 33 சுற்று சுற்றினால் 20 மைக்ரோஹென்றிக்குச் சற்று மேல் வரும். அனலைசரை (அன்டெனாவை அளக்கும் கருவி) அடித்தளத்திலேயே மாட்டி, 7.1 மெகாஹேர்ட்ஸில் ஒத்ததிர்வு வரும்வரை ஒவ்வொரு சுற்றாகக் குறையுங்கள். பிறகு அடித்தளத்திலிருந்து உடம்புக்கு 25 மி.மீ. விட்டத்தில் 7 சுற்றுச் சுருள் ஒன்றைக் குறுக்கே போடுங்கள். பெரிய சுருளில் அரைச் சுற்று குறைத்து, சின்னதை இழுத்தும் நெருக்கியும் 50 ஓமுக்குக் கொண்டுவாருங்கள். பொனட்டும் கதவுகளும் மூடியிருக்க வேண்டும். தகரக் கூரை லயத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி அளந்தால் வரும் எண் வேறு எங்கும் செல்லாது.

சுருளை விப்பின் நடுவுக்கு ஏற்றினால் திறன் கூடும். ஆனால் சுமார் 40 மைக்ரோஹென்றி வேண்டும். எடையும் ஆட்டமும் கூடும். நம் தோட்டப் பாதைகளுக்கு அடிச்சுருளே போதும் என்பேன். பழைய தாங்கியில் இராணுவப் பொருத்துப் பெட்டி ஏதும் மிஞ்சியிருந்தால் கழற்றிவிடுங்கள். அது பெரும்பாலும் விஎச்எஃப்புக்காக (30 மெகாஹேர்ட்ஸுக்கு மேலான அலைகள்) செய்ததாக இருக்கும்.

கேள்வி: வண்டி 24 வோல்ட். இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கலாமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: வேண்டாம். அந்தப் பற்றரி இறங்கிப்போகும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறி வேகும். 24இலிருந்து 13.8 வோல்ட்டுக்குக் குறைக்கும் கன்வேர்ட்டர், குறைந்தது 30 அம்பியரில், போடுங்கள். 100 வாட் செட் 20 அம்பியருக்கு மேல் இழுக்கும். ஃபியூஸ் பற்றரிக்கு அருகிலேயே இருக்கட்டும். செட்டில் இரைச்சல் வந்தால் கன்வேர்ட்டரின் இரு பக்க வயர்களிலும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

கேள்வி: றம்பொடைப் பள்ளத்தில் நிறுத்தினால் 145 மெகாஹேர்ட்ஸில் ஒருவரும் கிடைப்பதில்லை. அன்டெனாவை உயர்த்தலாமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: மலை மறைக்கும்போது விப்பை ஒரு மீற்றர் உயர்த்தி என்ன ஆகப்போகிறது? 49 செ.மீ. கால் அலை விப்பே போதும் (காந்த அடித்தளம் அலுமினியத்தில் ஒட்டாது, துளைதான் போட வேண்டும்). பள்ளத்திலிருந்து பேச, பகலில் 40 மீற்றருக்கு மாறுங்கள். வண்டியை நிறுத்தி, விப்பையும் சுருள்களையும் விலக்கி, அதே அடித்தளத்தில் 10.5 மீற்றர் வயரைக் கொளுவி, 3 மீற்றர் உயரத்தில் கிடையாக ஒரு மரத்துக்கு இழுத்துக் கட்டி, 7.1 வரும்வரை நுனியை வெட்டுங்கள். அலை நேர்மேலே போய்த் திரும்பும். மலை குறுக்கே வராது. இருட்டிய பிறகு அருகில் உள்ளவர்கள் 40இல் மறைந்துபோவார்கள், அப்போது 80 மீற்றர்தான் வழி.

கேள்வி: விப்பை வளைத்துக் கட்டிக்கொண்டு ஓடலாமா?
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: கட்டத்தான் வேண்டும். தோட்டப் பாதைகளில் மின்கம்பி தாழ்ந்து தொங்கும் இடங்கள் உண்டு. நைலோன் கயிற்றால் கட்டுங்கள், கம்பியால் அல்ல. அனுப்பும்போது விப்பின் நுனியில் வோல்ட் மிக அதிகம், அதற்குப் பிளாஸ்டிக் மூடி போடுங்கள். வளைந்த நிலையில் ட்யூனிங் நகரும். அந்த நிலைக்கும் தனியாக ஒரு டேப் (சுருளின் இடையில் எடுக்கும் இணைப்பு) எடுத்துச் சுருளில் அடையாளமிடுங்கள். ஏப்ரல், ஒக்டோபர் பிற்பகல் இடிமழை கறுக்கும்போது கேபிளைச் செட்டிலிருந்து கழற்றிவிடுங்கள்.