படம் பார்த்தாயிற்று, 'நவுசிகா' மங்காவை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நெட்ஃபிளிக்ஸில் 'நவுசிகா' படம் பார்த்ததிலிருந்து என் 11 வயது மகள் அதன் மங்காவும் (ஜப்பானியச் சித்திரக்கதை) வேண்டும் என்கிறாள். படம் பார்த்துவிட்டதால் முதல் தொகுதியை விட்டுவிடலாமா? ஆங்கிலத்தில் எந்தப் பதிப்பை வாங்குவது? ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது படத்தை வெட்டிவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: முதல் தொகுதியை விட்டுவிடாதீர்கள். படம் முடிந்த இடத்திலிருந்து மங்கா தொடர்வதில்லை. படத்தின் இயக்குநர் ஹயாவோ மியாசாகியே 1982 பிப்ரவரியில் 'அனிமேஜ்' இதழில் இதைத் தொடராக வரைய ஆரம்பித்தார். 1984 மார்ச்சில் வந்த படத்தில் இருப்பது ஏறக்குறைய முதல் இரண்டு தொகுதிகளின் கதைதான். அதையும் சுருக்கி, மாற்றி, தனி முடிவு வைத்திருக்கிறார். தொடரோ இடையிடையே நின்று 1994 மார்ச் வரை போனது.

மாற்றங்கள் சின்னவை அல்ல. படத்தில் டொருமேக்கியா நாட்டுப் படை நாயகி நவுசிகாவின் ஊரான காற்றுப் பள்ளத்தாக்கில் புகுந்து அவள் தந்தையைக் கொல்கிறது. மங்காவில் அந்தப் பள்ளத்தாக்கு டொருமேக்கியாவுக்குக் கட்டுப்பட்ட சிற்றரசு. போர் வந்தால் ஆள் அனுப்பியாக வேண்டும். தந்தை நோயில் கிடப்பதால் நவுசிகாவே டொருமேக்கிய இளவரசி குஷானாவின் படையோடு புறப்படுகிறாள். எதிரி டோரோக் பேரரசு. படத்தில் அப்படியொரு நாடே கிடையாது. படத்தில் வில்லியாகத் தெரியும் குஷானா, மங்காவில் அண்ணன்மாரின் சதியில் சாவை நோக்கி அனுப்பப்பட்டவள். மியாசாகி படைத்தவர்களில் இவ்வளவு ஆழமான பாத்திரம் வேறில்லை என்பேன். அவளுக்காகவே முதல் பக்கத்திலிருந்து படிக்கலாம்.

படத்தை வெட்டிய கதை உண்மைதான். 1985இல் அமெரிக்காவில் 'வாரியர்ஸ் ஆஃப் த விண்ட்' என்ற பெயரில் இருபது நிமிடத்துக்கும் மேல் நறுக்கி வெளியிட்டார்கள். நாயகியின் பெயரைக்கூட சாண்ட்ரா என்று மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் வெளிநாட்டு வெளியீடுகளில் ஒரு வெட்டும் கூடாது என்பதில் மியாசாகியின் ஸ்டுடியோவான ஜிப்லி பிடிவாதமானது. கவலை வேண்டாம், நீங்கள் பார்த்தது முழுப் படம். 2005இல் வந்த டிஸ்னியின் ஆங்கில டப்பிங்கும் முழுமையானதே.

மகளுக்கு 11 வயது என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். படத்தைவிட மங்கா கடுமையானது. மூன்றாம் தொகுதியில் போர்க்களம் வந்துவிடுகிறது. பிறகு ஊர் ஊராக மக்கள் மடிகிறார்கள், பிணங்கள் மறைக்கப்படுவதில்லை. முதல் இரண்டையும் இப்போது கொடுங்கள். மற்றவற்றை நீங்கள் முதலில் படித்துவிட்டு, அவள் எப்போது படிக்கலாம் என்று முடிவு செய்யுங்கள். கடைசித் தொகுதியின் கேள்விகள் பெரியவர்களையே உலுக்கும்.

ஆகவே விஸ் நிறுவனம் 2004இல் வெளியிட்ட 7 தொகுதிப் பதிப்பையே வாங்கச் சொல்வேன். தனித்தனியாக வாங்கலாம். வழக்கமான மங்காவைவிடப் பெரிய அளவு. ஜப்பானியப் புத்தகத்தில் உள்ளபடியே கருப்பு மைக்குப் பதில் பழுப்பு மை. மியாசாகியின் நுணுக்கமான கோடுகளுக்கு இரண்டுமே முக்கியம். 2012இல் வந்த பெட்டித் தொகுப்பில் ஏழும் இரண்டு கெட்டி அட்டைப் புத்தகங்களாக இருக்கின்றன. பார்க்க அழகு, ஆனால் கனம் அதிகம். சிறுமி கையில் பிடித்துப் படிக்கத் தோதில்லை.

பழைய புத்தகமாக வாங்கினால் கவனம். விஸ் இதே கதையை 1990களில் நான்கு தொகுதிகளாகவும் வெளியிட்டது. அதில் ஆங்கில வாசகருக்காகப் படங்களை இடவலம் மாற்றி அச்சிட்டிருப்பார்கள். அதன் மூன்றாம் தொகுதியும் புதிய பதிப்பின் மூன்றாம் தொகுதியும் ஒன்றல்ல. இரண்டையும் கலந்து வாங்கினால் கதை நடுவில் அறுந்துபோகும். பட்டியலில் தெளிவாக இல்லையென்றால் உள்பக்கப் படம் ஒன்றை விற்பவரிடம் கேளுங்கள். மை பழுப்பாக இருந்து, புத்தகம் வலப்பக்கத்திலிருந்து தொடங்கினால் வாங்கலாம்.

வலமிருந்து இடமாகப் படிப்பது மகளுக்குச் சில பக்கங்களில் பழகிவிடும். சத்தங்களைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்துகள் படத்திலேயே அப்படியே இருக்கும். அவற்றுக்கான பொருள் ஒவ்வொரு தொகுதியின் கடைசியிலும் தரப்பட்டிருக்கிறது.