புழு விழாத கத்தரி விதையை நடுவது முறையா?

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் அருகே ஒன்றரை ஏக்கரில் கத்தரி பயிரிடுகிறேன். காய்ப்புழுவுக்கு வாரம் இரண்டு முறை மருந்து அடித்தும் பெரும்பங்கு சொத்தையாகவே போகிறது. ‘பி.டி. கத்தரி, புழுவே விழாது’ என்று ஒரு முகவர் விவர அட்டை இல்லாத விதைப் பொட்டலங்களைக் கொடுத்திருக்கிறார். இன்னும் நாற்று விடவில்லை. இவ்வளவு மருந்து அடித்த காயை விற்பதைவிட இது மேல் அல்லவா? வாங்குகிறவர்களிடம் சொல்லாமல் விற்றால் தவறாகுமா?

பதில்: இந்த விதையை நட வேண்டாம். 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு, புழுவைக் கொல்லும் மரபணு சேர்த்த பி.டி. கத்தரியைப் பயிரிடப் பரிந்துரை அளித்தது. ஆயினும், ஏழு நகரங்களில் பொதுமக்கள் கருத்தைக் கேட்ட பிறகு, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரி 9 அன்று அதனை நிறுத்தி வைத்தார். அந்த நிறுத்தம் நீக்கப்படாத நிலையில், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989ஆம் ஆண்டு விதிகளின்படி இதைப் பயிரிடுவது சட்டத்துக்குப் புறம்பானது. 2019இல் ஹரியாணாவின் பத்தேஹாபாத் மாவட்டத்தில் இத்தகைய பயிர் கண்டறியப்பட்டு அழிக்கப்பட்டது. அட்டையும் ரசீதும் இல்லாத விதை முளைக்காமல் போனாலும், வேறு ரகமாக இருந்தாலும், நீங்கள் முறையிட வழியும் இல்லை.

சட்டம் தடுக்கிறது என்பதோடு உங்கள் கேள்வி முடிந்துவிடுவதில்லை. மருந்து அடித்த காயோடு ஒப்பிட்டு நீங்கள் கேட்டிருப்பது நியாயமான கேள்வி, பி.டி. கத்தரியை எதிர்ப்பவர்கள் பலர் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. இந்தக் கத்தரியில் சேர்க்கப்பட்டுள்ள மரபணு, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்பட்டது. அது உண்டாக்கும் புரதம் காரத்தன்மை கொண்ட புழுவின் குடலில் செயல்பட்டு அதைக் கொல்கிறது. அமிலத்தன்மை கொண்ட மனித இரைப்பையில் அவ்வாறு செயல்படுவதில்லை. 2013இல் அனுமதி அளித்து 2014 முதல் பயிரிட்டுவரும் வங்கதேசத்தில் மருந்துச் செலவு குறைந்ததாகவே ஆய்வுகள் கூறுகின்றன. எனவே இதை நஞ்சு என்று சொல்லி உங்களை அச்சுறுத்த நான் விரும்பவில்லை. இங்கே எழுந்த குறை வேறு: பாதுகாப்புச் சோதனைகள் பெரும்பாலும் விதையை விற்கவிருந்த நிறுவனமே தந்த தரவுகளை நம்பி நின்றன. தினமும் உண்ணும் காய்க்கு, விற்பனையில் ஆதாயம் இல்லாத ஒருவர் நீண்ட காலம் சோதித்திருக்க வேண்டும் என்று கேட்பது அறிவியலுக்கு எதிரான பேச்சு ஆகாது.

சொல்லாமல் விற்பது தவறா என்று கேட்டீர்கள். தவறுதான் என்பது என் உறுதியான கருத்து. காய் தீங்கற்றதாகவே இருந்தாலும், எதை உண்பது என்று முடிவு செய்யும் உரிமை உண்பவருக்கு உண்டு. பொட்டலத்தில் அடைத்த உணவில் மரபணு மாற்றம் இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2013 முதல் இருக்கிறது. ஆனால் கத்தரிக்காய் மூட்டையில் சந்தைக்கு வந்து, பல தோட்டத்துக் காய்களோடு கலந்து, எடை போட்டு விற்கப்படுகிறது. அதில் எந்த அட்டையை எங்கே ஒட்டுவது? கொள்கை வகுப்பவர்கள் இந்தச் சாதாரண நடைமுறையை இதுவரை போதிய அளவில் எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அண்டைத் தோட்டக்காரரையும் எண்ணிப் பாருங்கள். கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும், தேனீக்களும் வண்டுகளும் ஓரளவு அயல் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரி முதல் ஊருக்கு ஊர் வேறுபடும் நாட்டு ரகங்கள் வரை விதை எடுத்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சம்மதமின்றி அந்த விதையில் ஒரு மரபணு புகுந்துவிட்டால், பிறகு அதைப் பிரித்தெடுக்க எவராலும் இயலாது.

பூச்சியின் எதிர்ப்புத் திறன் குறித்து நாம் பருத்தியிலேயே போதுமான அளவு பட்டிருக்கிறோம். 2002இல் பி.டி. பருத்தி வந்தது, எட்டு ஆண்டுகளுக்குள் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதன் முதல் மரபணுவைத் தாங்கிக்கொண்டது, பின்னர் இரண்டு மரபணு கொண்ட பருத்தியையும் தாங்கியது. அந்தப் புழு பெரும்பாலும் பருத்தியை மட்டுமே உண்டு வாழ்வதும், எதிர்ப்புத் திறன் பெற்ற புழு பெருகாதிருக்கச் சுற்றிலும் நட வேண்டிய சாதாரணப் பருத்தியைப் பலர் நடாமல் விட்டதும் அதற்கு முக்கியக் காரணங்கள். உங்கள் காய்ப்புழுவான கத்தரித் துளைப்பானும் பெரும்பாலும் கத்தரியையே நம்பி வாழ்கிறது, பி.டி. கத்தரியில் உள்ளதும் பருத்தியில் முதலில் தோற்ற அதே மரபணுதான். எவரும் கண்காணிக்காத கள்ள விதை ஊரெங்கும் பரவினால் இங்கும் அதுவே விரைவில் நேரும்.

இப்போதைக்கு, பொட்டலத்தைப் பிரிக்காமல் உங்கள் வட்டார விதை ஆய்வாளரிடம் ஒப்படையுங்கள். பழைய கத்தரித் தண்டுகளை விறகுக்காக வரப்பில் அடுக்கி வைக்காதீர்கள். காய்ப்புழுவின் அந்துப்பூச்சி அதிலிருந்தே மீண்டும் கிளம்புகிறது. வாடிய நுனிக்குருத்துகளையும் துளைபட்ட காய்களையும் வாரந்தோறும் கிள்ளியெடுத்து அழியுங்கள். ஆண் அந்துப்பூச்சிகளை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகளை ஏக்கருக்கு 5 வையுங்கள், தேவையானபோது 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள். சைபர்மெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளைத் தவிருங்கள். அவை நன்மை செய்யும் பூச்சிகளைக் கொன்று வெள்ளை ஈயைப் பெருக்கிவிடும். பக்கத்துத் தோட்டத்தாரும் சேர்ந்து செய்தால்தான் இவை முழுப் பலன் தரும்.

நான் இந்தத் தொழில்நுட்பத்தையே மறுக்கிறவன் அல்லன். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இந்த மரபணுவைத் தமிழ்நாட்டு ரகங்களில் சேர்க்கும் பணியில் பங்கு கொண்டிருந்தது. அவை வீரிய ஒட்டு ரகங்கள் அல்லாததால் விவசாயி மீண்டும் விதை எடுத்திருக்க முடியும். விதையை யார் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இது நமக்கு உதவுமா என்பதும் அமைகிறது. மரபணு மாற்றக் கடுகுக்கு அளித்த அனுமதியை எதிர்த்த வழக்கில் 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் வேறுபட்ட தீர்ப்பு வழங்கினாலும், மாநிலங்களையும் விவசாயிகளையும் கலந்து ஒரு தேசியக் கொள்கையை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர். அதற்குக் கருத்துக் கேட்கும்போது உங்கள் உழவர் குழுவின் பெயரில் எழுதுங்கள்: சோதனையை நிறுவனம் சாராத ஆய்வகம் செய்ய வேண்டும், விதையைப் பொது நிறுவனம் தர வேண்டும், அயலார் தோட்டத்தில் கலப்பு நேர்ந்தால் இழப்பீட்டை விதையை வெளியிட்டவரே ஏற்க வேண்டும்.