ஆர்க்கிட் விதைக்கு வேம் போட்டால் முளைக்குமா?

கேள்வி: நிழல்வலைக் குடிலில் சோனியா டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வளர்க்கிறேன். சில செடிகளில் காய் பிடித்தது. ஆர்க்கிட் விதை முளைக்கப் பூஞ்சாணம் வேண்டும் என்று படித்து, தேங்காய் மட்டைத் துண்டில் வேம் (VAM) என்ற வேர்ப்பூஞ்சாண உரம் கலந்து விதையைத் தூவினேன். மாதக்கணக்காகியும் ஒன்றுமே முளைக்கவில்லை. வேம் அளவைக் கூட்டலாமா?
- ஏற்காடு அடிவார விவசாயி

பதில்: கூட்ட வேண்டாம் ஐயா, இன்னொரு பாக்கெட்டும் வாங்காதீர்கள். பூஞ்சாணம் வேண்டும் என்பது சரிதான். ஆனால் அது வேம் அல்ல. டுலாஸ்நெல்லா, செரட்டோபேசிடியம் போன்ற வேறு இனங்கள். வேரழுகல் உண்டாக்கும் ரைசாக்டோனியாவுக்கு உறவுக்காரர்கள்.

வேம் செடியிடம் சர்க்கரையை வாங்கிக்கொண்டு மணிச்சத்தைக் கொடுக்கும். ஆர்க்கிட் விதையிடம் கொடுக்க ஒன்றுமே இல்லை. தூசி மாதிரி இருக்கும் அந்த விதையில் முளைசூழ்தசையே (முளைக்கு உணவாகும் சேமிப்புத் திசு) கிடையாது. அதனால் இங்கே பூஞ்சாணம்தான் உணவு கொடுக்க வேண்டும். அது செல்லுலேஸ் போன்ற நொதிகளைச் சுரந்து, மட்கும் பட்டையையும் சருகையும் கரைத்துச் சர்க்கரை எடுக்கும். விதைக்குள் நுழைந்ததும் செல்களில் நூற்கண்டு போலச் சுருண்டுகொள்ளும். பூஞ்சாணத்தில் இருக்கும் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையை ஆர்க்கிட் தன் ட்ரெஹலேஸ் நொதியால் உடைத்துக் குளுக்கோஸாக்கிக்கொள்ளும். சுருள் பழசானதும் ஆர்க்கிட்டின் கைட்டினேஸ், குளுக்கனேஸ் நொதிகள் அதன் சுவரைக் கரைக்கும். அதே செல்லில் மறுபடி புதுச் சுருள் வரும். பூஞ்சாணம் எல்லை மீறாமல் இருப்பதற்கும் இந்த நொதிகள் உதவுகின்றன. மீறினால் முளையே அழுகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு முளை இவ்வளவு கட்டுப்பாட்டோடு சாப்பிடுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, உங்களுக்கு இப்போது என்ன வழி? பூஞ்சாணம் தருவது முக்கியமாகச் சர்க்கரை என்பதால், அதை நாமே கொடுத்துவிடலாம். 1922-இல் அமெரிக்காவின் தாவரவியல் அறிஞர் நட்சன் சர்க்கரை கலந்த அகார் ஊடகத்தில் (கடற்பாசிக் கூழ்) பூஞ்சாணம் இல்லாமலே ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்தார். இன்றைய குடுவை நாற்றுகள் அந்த வழியில் வந்தவைதான். காய் வெடிக்கும் முன், பச்சையாக இருக்கும்போதே திசு வளர்ப்புக் கூடத்தில் கொடுத்தால் விதைத்துத் தருவார்கள்.

ஆனால் சோனியா ஒரு கலப்பினம். விதை நாற்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிப் பூக்கும், சந்தைக்கு ஆகாது. கொய்மலருக்குத் திசு வளர்ப்புக் கன்று வாங்குங்கள், அல்லது தண்டின் மேல் வேர்விட்டு வரும் குட்டிச்செடியைப் பிரித்து நடுங்கள். வளர்ந்த செடி பச்சை இலையால் தானே உணவு தயாரிக்கும். உரத் தெளிப்பு சரியாக இருந்தால் அதற்குப் பூஞ்சாணம் எதுவும் வாங்கிப் போட வேண்டியதில்லை.