சிவப்பு விழுந்தால் வீட்டுக்குப் போன் போடுவதா?

வாசகி கடிதம்:

ஈரோடு பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். 22 மாணவர்களுக்கு மென்டார். இந்த ஆண்டு கல்லூரியில் புதிதாக ஒரு போர்ட்டல் வந்திருக்கிறது. அட்டெண்டன்ஸ், இன்டர்னல் மதிப்பெண், அசைன்மென்டை எப்போது ஏற்றினார்கள், பாட வீடியோவை எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டுகிறது. சிவப்பு விழுந்தால் அன்றைக்கே பெற்றோருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது உத்தரவு. மாதக் கூட்டத்தில் எந்த மென்டாரிடம் எத்தனை சிவப்பு என்று திரையில் போடுகிறார்கள்.

இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் மூன்று வாரமாகச் சிவப்பு. கூப்பிட்டுக் கேட்டேன். ராத்திரி விசைத்தறி வேலைக்குப் போகிறானாம். வீடியோவை நண்பன் போனில் சேர்ந்து பார்க்கிறானாம். வீட்டுக்கு நான் இன்னும் போன் செய்யவில்லை. எப்போதும் பச்சையாகவே இருக்கும் ஒரு பெண் கொஞ்ச நாளாக யாரிடமும் பேசுவதில்லை. அவளைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. ஐ.டி.யில் இருக்கும் என் கணவர், "எங்கள் ஆபீஸிலும் இதே கதைதான். ட்ரெயினிங் வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம், 100 சதவீதம் வந்துவிடும்" என்கிறார். இந்த நிறங்களை நான் நம்பலாமா? போன் செய்யாமல் இருப்பது தவறா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தவறில்லை. போனை எடுப்பதற்கு முன்னால் பையனைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள் பாருங்கள், செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். அதைச் செய்ததால்தான் விசைத்தறி விஷயம் உங்களுக்குத் தெரிந்தது. போர்ட்டலுக்கு அது இன்றுவரை தெரியாது.

அந்தப் போர்ட்டல் என்ன பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அவனுடைய லாகினைப் பார்க்கிறது. இரண்டு பேர் ஒரே போனில் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு பாடம் கேட்டால், போனுக்குச் சொந்தக்காரனுக்கு 40 நிமிடம், பக்கத்தில் இருந்தவனுக்குச் சுழியம். ராத்திரி ஒரு மணிக்குத் தறியை நிறுத்திவிட்டு வந்து அசைன்மென்ட் ஏற்றினால் 'தாமதம்' என்று மட்டும் எழுதிக்கொள்கிறது. அது எழுதியது எதுவும் பொய்யில்லை. ஆனால் ஏன் என்ற கேள்வி அதன் கணக்கில் கிடையாது.

இந்த மூன்று நிறம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், உங்கள் கூட்டத்தில் பேச உதவும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் பர்டியூ பல்கலைக்கழகம் 2007 வாக்கில் 'கோர்ஸ் சிக்னல்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவரை வாங்கிய மதிப்பெண், இணையப் பாடப் பக்கத்தில் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு முயற்சி, முந்தைய படிப்பு, இப்படிச் சிலவற்றைக் கூட்டிப் போக்குவரத்து விளக்கு மாதிரி ஒரு நிறம். நிறம் மாணவருடைய பக்கத்திலேயே தெரியும். அதோடு பாடம் நடத்துபவர் ஒரு செய்தி அனுப்புவார்: இந்த நேரத்தில் என்னை வந்து பார், இந்தப் பயிற்சியைச் செய் என்று. பேச்சு மாணவரோடுதான் தொடங்கியது. அங்கிருந்து பல ஊர்களுக்குப் போன இந்த யோசனையில் நிறம் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. ஆசிரியரின் செய்தி பல இடங்களில் வழியிலேயே விழுந்துவிட்டது.

பர்டியூ கதையில் இன்னொரு பாடமும் உண்டு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிக்னல்ஸ் வகுப்புகளில் படித்தவர்கள் படிப்பைத் தொடரும் வாய்ப்பு 21 சதவீதம் கூடியது என்று பெருமையாகச் சொல்லிவந்தார்கள். 2013-ல் மைக் கால்ஃபீல்ட் என்பவர் ஒரு சந்தேகம் கேட்டார்: முதல் ஆண்டே படிப்பை விட்டுப் போனவன் எப்படி நிறைய சிக்னல்ஸ் வகுப்பில் உட்கார்ந்திருக்க முடியும்? படிப்பைத் தொடர்ந்தவர்களுக்குத்தானே அடுத்தடுத்த வகுப்புகள் கிடைத்திருக்கும்? நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 70 பொங்கல் சாப்பிட்டவர்கள் 20 பொங்கல் சாப்பிட்டவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்திருக்கிறார்கள், ஆகவே பொங்கல் ஆயுளைக் கூட்டும் என்பது மாதிரி. ஆல்ஃபிரட் எஸ்ஸா என்ற ஆய்வாளர் வகுப்புகளுக்குப் பதில் சாக்லேட் என்று வைத்துக் கணினியில் போட்டுப் பார்த்தார். சாக்லேட்டுக்கும் அதே மாதிரி பலன் வந்தது. படித்தவர்கள் நிறைந்த இடத்திலேயே விளைவைக் காரணம் என்று எடுத்துக்கொண்டார்கள் என்றால், உங்கள் கல்லூரிக்கு வந்து விற்றுவிட்டுப் போனவர் காட்டிய சதவீதத்தை நீங்கள் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்ப்பதில் தப்பே இல்லை.

அதற்காக இந்த டேட்டாவே வீண் என்று நான் சொல்லவில்லை. அட்லாண்டாவில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. வசதியில்லாத பிள்ளைகள் அதிகம் படிக்கும் இடம். 2003 வாக்கில் அங்கே சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டுக்குள் பட்டம் முடித்து வெளியே வந்தவர்கள் நூற்றுக்கு 32 பேர்தான். பழைய மதிப்பெண் பட்டியல்களைத் தோண்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அரசியல் அறிவியல் படிப்பவர்களில் முதல் பாடத்தில் 'ஏ', 'பி' வாங்கியவர்கள் நான்கில் மூன்று பேர் பட்டம் முடிக்கிறார்கள்; 'சி' வாங்கியவர்களில் நான்கில் ஒருவர்தான். 'சி' என்றால் பாஸ்தானே என்று அத்தனை வருடமும் யாரும் அவர்களைக் கூப்பிட்டுப் பேசியதே இல்லை. 2012 முதல் இப்படி 800 அறிகுறிகளைத் தினமும் கவனிக்கும் ஏற்பாடு வந்தது. 2014-க்குள் அந்த 32, ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஆனால் அதோடு சேர்த்து 42 ஆலோசகர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். கடைசி நேரத்தில் சில நூறு டாலர் கட்டணம் கட்ட முடியாமல் நின்றுபோகும் மாணவர்களைக் கண்டுபிடித்து அந்தப் பணத்தைக் கல்லூரியே கட்டியது. யாருக்குத் தேவை என்று கணினி காட்டியது. போய் நின்றது ஆளும் காசும்.

அதனால் நீங்கள் கேட்ட 'நம்பலாமா' என்பதை நான் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். சிவப்பு விழுந்தால் உங்கள் கல்லூரியில் யார் என்ன செய்யப் போகிறார்கள்? அதற்குப் பெற்றோருக்குப் போன் என்ற ஒன்றைத் தவிர வேறு பதில் இல்லை என்றால், அந்தச் சிவப்பு உதவியாகாது, புகாராகத்தான் போய்ச் சேரும்.

வீட்டுக்குப் போகும் புகார் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். 31 வருடம் ஆசிரியையாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிளஸ் ஒன் படித்த ஒரு பெண்ணின் ரேங்க் கார்டில் சிவப்பு மையில் 'கவனம் போதாது, பெற்றோர் வந்து பார்க்கவும்' என்று எழுதினேன். அப்பா வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்று நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு போனார். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அந்தப் பெண் வரவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். அம்மா படுத்த படுக்கையாக இருந்ததும், விடியற்காலையில் எழுந்து ஐந்து பேருக்குச் சமைத்துவைத்துவிட்டுத்தான் அவள் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள் என்பதும் அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. 'படிப்பு ஏறவில்லை என்று டீச்சரே சொல்லிட்டாங்க' என்று அந்த வீட்டில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அந்த அட்டையில் இருப்பது என் கையெழுத்து.

பெண் பிள்ளை வீட்டுக்குப் போகும் போன் ஒரு விதம். உங்கள் பையன் வீட்டுக்குப் போகும் போன் வேறு விதம். தறிக்குப் போவது வீட்டுக்குத் தெரிந்தே என்றால், 'படிப்பும் போகுது, சம்பளமும் குறையுது' என்று முழு நேரத் தறிக்கே அனுப்பிவிடுவார்கள். தெரியாமல் என்றால் அவன் இனி உங்களிடம் வாயே திறக்க மாட்டான். ஆகவே கூட்டத்தில் நீங்கள் தயங்காமல் கேளுங்கள்: சிவப்பு விழுந்தால் மென்டார் மாணவரோடு பேச ஒரு வாரம் வேண்டும். வீட்டுக்குப் போன் என்பது கடைசியில் வரட்டும், அதுவும் மாணவருக்குச் சொல்லிவிட்டு. போன் செய்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், "பையன் நல்லா வருவான், அவனுக்கு இந்த உதவி வேணும், நாம சேர்ந்து பார்ப்போம்" என்று ஆரம்பியுங்கள். நிறத்தைப் பற்றி வீட்டில் பேசவே வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. தறி விஷயத்தை நல்ல எண்ணத்தில்கூடப் போர்ட்டலின் 'ரிமார்க்ஸ்' கட்டத்தில் எழுதிவிடாதீர்கள். 'பேசினேன், கூடுதல் நேரம் தேவை' என்பது போதும். அந்தக் கட்டத்தை யார் யார் திறந்து பார்க்க முடியும், நான்காம் ஆண்டில் பிளேஸ்மென்ட் பிரிவுக்கும் அது தெரியுமா, எத்தனை வருடம் அழியாமல் இருக்கும் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும் தவறு இருந்தால் திருத்தச் சொல்லவும் ஒருவருக்கு உரிமை தருகிறது. படிப்படியாக அது நடைமுறைக்கு வருகிறது. மாணவர்களுக்கு இன்றைக்கே தங்கள் நிறத்தையும் அது வந்த கணக்கையும் காட்டுவதற்குக் கல்லூரி எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2014-லேயே இதற்கென ஒரு கொள்கை எழுதியது. கண்ணுக்குத் தெரிகிற தரவையும் அதற்கு நாம் சொல்லும் விளக்கத்தையும் மட்டும் வைத்து ஒரு மாணவர் இன்னார் என்று முடிவு கட்டக் கூடாது என்று அதில் ஒரு விதி. அதை அச்செடுத்து உங்கள் துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) மேசையில் வைத்தால்கூட நல்லது.

பெயர் வைப்பதிலும் நம் ஊரிலேயே நல்ல வழி இருக்கிறது. 2022-ல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் இருக்கும் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அதற்குத் தக்க பயிற்சி கொடுத்தார்கள். ஆசிரியர்களுக்குப் பதிவு ஏற்றும் வேலை கூடியது என்ற குறை எனக்கும் உண்டு. ஆனால் அரும்பு நாளை மொட்டாகும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. சிவப்பு என்ற சொல்லில் அப்படி எதுவும் இல்லை.

மாதக் கூட்டத்தில் சிவப்பு எண்ணிக்கையைத் திரையில் போடுவதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் மவுண்ட் செயின்ட் மேரிஸ் என்ற பல்கலைக்கழகம். இடைநிற்றல் கணக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, முதலாண்டு மாணவர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்து, தேறமாட்டார்கள் என்று படுகிற 20, 25 பேரைக் மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் தேதிக்கு முன்பே வெளியே அனுப்பத் தலைவர் சைமன் நியூமன் திட்டம் போட்டார். தயங்கிய ஆசிரியர்களிடம் முயல்குட்டிகளை மூழ்கடிக்கத்தான் வேண்டும் என்று பேசினார். மாணவர் பத்திரிகை 2016 ஜனவரியில் இதை வெளியிட்டது. அடுத்த மாதக் கடைசியில் அவர் பதவி விலகினார். உங்கள் கல்லூரி அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கை குறைய வேண்டும் என்று மென்டார்களை நெருக்கினால், குறைக்கச் சுலபமான வழி பிள்ளையைக் குறைப்பது, அல்லது அசைன்மென்ட் தேதியைத் திருத்திப் போடுவது. இரண்டும் நடக்கும். எத்தனை சிவப்பு என்பதற்குப் பதில், ஒவ்வொரு சிவப்புக்கும் என்ன செய்தோம் என்று திரையில் போடச் சொல்லுங்கள். லேபை மாலை ஏழு வரை திறந்து வைத்தோம், வீடியோவை இறக்கிக்கொள்ள வழி செய்தோம் என்று வரட்டும்.

நீங்களே ஒரு வேலை செய்யுங்கள். இந்த வாரம் உங்கள் 22 பேரின் நிறத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் நான்கு கட்டம் போடுங்கள்: சிவப்பாக இருந்து தேறியவர்கள், சிவப்பாக இருந்து அரியர் வைத்தவர்கள், பச்சையாக இருந்து தேறியவர்கள், பச்சையாக இருந்து அரியர் வைத்தவர்கள். முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும் எத்தனை பெயர் விழுகிறது என்று பாருங்கள். உங்கள் முயற்சியால் தேறியவர்களும் முதல் கட்டத்தில்தான் வருவார்கள், அவர்களைத் தனியாகக் குறியுங்கள். விஸ்கான்சின் மாநிலப் பள்ளிகளின் எச்சரிக்கை முறையை 2023-ல் பத்திரிகையாளர்கள் ஆராய்ந்தபோது, 'உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்க மாட்டார்' என்று அது சொன்னதில் கிட்டத்தட்ட முக்கால்வாசி தவறாகப் போயிருந்தது. உங்கள் போர்ட்டல் எப்படி என்று சொல்ல உங்கள் தாளைவிட நல்ல சாட்சி கிடையாது.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. 1959-லேயே டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் பணியிடப் பயிற்சியை நான்கு படியாக அளக்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்வது மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. வீடியோ ஓடி முடிந்தது என்பது அந்த நான்கில் முதல் படிக்குக்கூட வராது. அந்த 100 சதவீதத்தை ஒருநாள் யாராவது அவருடைய அப்ரைசலில் எடுத்துக் காட்டி, 'எல்லாம் கற்றுக்கொடுத்தாகிவிட்டதே, ஏன் தெரியவில்லை?' என்று கேட்கலாம். தேவையில்லாத பயிற்சியைத் தேவையில்லை என்று மேலாளரிடம் இப்போதே சொல்லிவிடுவது அவருக்கு நல்லது.

கடைசியாக அந்தப் பச்சைப் பெண். கடிதத்தில் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ அதுதான் மனதில் நிற்கிறது. வகுப்புக்கு வருகிறாள், நேரத்துக்கு ஏற்றுகிறாள், மதிப்பெண் வாங்குகிறாள். அவள் பேசுவதை நிறுத்தியது எந்தக் கட்டத்திலும் பதிவாகாது. பையனுக்கு ஒரு வாரம் இருக்கிறது. இவளுக்கு நாளைக்கே நேரம் ஒதுக்குங்கள். ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துக் கேட்டால் 'ஒண்ணும் இல்ல மேம்' என்பாள். மதியம் சாப்பாட்டு நேரத்திலோ, பஸ்ஸுக்கு நடக்கும்போதோ பக்கத்தில் போங்கள். அவள் சொல்வது உங்களால் தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தால், கல்லூரியில் மனநல ஆலோசகர் இருந்தால் அவரிடமோ, இல்லையென்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கோ, அவளோடு உட்கார்ந்து நீங்களே பேசுங்கள்.