கண் அழுத்தமும் எச்ஐவியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எச்ஐவி இருந்தால் கண் அழுத்தம் கூடிவிடுமா?

பலருக்கும் இந்தப் பயம் இருக்கிறது. ஆனால் சிடி4 (எச்ஐவி அழிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) மிகவும் குறைந்தவர்களைப் பரிசோதித்தபோது, கண் அழுத்தம் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்திருக்கிறது. (கண் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு என்பார்கள்.) கூடினால் காரணம் பெரும்பாலும் வேறு: கண்ணுக்குள் அழற்சி, முகத்தில் வந்த அக்கி கண்ணையும் பிடிப்பது, அப்புறம் மருந்துகள்.

கண் சிவப்புக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து தந்திருக்கிறார்கள். ஏஆர்டி (எச்ஐவிக்கான கூட்டு மருந்து) மாத்திரையும் சாப்பிடுகிறேன், பரவாயில்லையா?

உங்கள் மாத்திரையில் ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இவை ஸ்டீராய்டைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றுவதைத் தடுத்துவிடும் என்பதால், சொட்டு மருந்தை அடிக்கடி, நீண்ட நாள் விட்டவர்களுக்குக்கூட ஸ்டீராய்டு உடலில் தேங்கி முகம் உப்பியிருக்கிறது. இன்ஹேலர், மூட்டு ஊசி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இந்த இரண்டும் சேராமல், டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்தை எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் எந்த ஏஆர்டி எடுத்தாலும், ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குச் சில வாரங்களிலேயே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், வலியே தெரியாது. அதனால் அழுத்தத்தை இடையிடையே அளக்கச் சொல்லிக் கேளுங்கள், இரண்டு மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கண் மருத்துவரிடம் எச்ஐவி பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கும், புரிகிறது. ஆனாலும் மாத்திரை அட்டையை அவர் கண்ணில் காட்டிவிடுங்கள், ப்ளீஸ்.

கோட்ரைமாக்சசோல் ஆரம்பித்த சில நாளில் இரண்டு கண்ணும் மங்கல், தலைவலி.

இன்றே போங்கள். கோட்ரைமாக்சசோல் ஒரு சல்பா வகை கிருமிக்கொல்லி. சல்பா மருந்தால் அபூர்வமாகக் கண்ணின் உட்பகுதி வீங்கி, கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் கோணம் அடைபட்டு, அழுத்தம் எகிறிவிடும். மாத்திரையை எந்தத் தேதியில் தொடங்கினீர்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள். வழக்கமான கோண அடைப்புக்கு விடும் பைலோகார்பின் சொட்டு இதில் நிலைமையை மோசமாக்கும், அந்தச் சல்பா மருந்தை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை.

அழுத்தம் அளக்கும் கருவி மூலம் எச்ஐவி பரவுமா?

கண்ணீர் வழியாக யாருக்கும் பரவியதாகப் பதிவே இல்லை. கண்ணைத் தொடும் முனையை ஒவ்வொருவருக்கும் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், அது எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான விதி.

அழுத்தம் 14, நார்மல் என்றார்கள். ஆனால் பூச்சி பறப்பதுபோல் தெரிகிறது, சிடி4 40.

14 என்ற எண்ணை நம்பி இருந்துவிடாதீர்கள். சிடி4 50-க்குக் கீழே போனால் சிஎம்வி வைரஸ் விழித்திரையை அரிக்கலாம், அதில் வலியும் இருக்காது, அழுத்தமும் ஏறாமல் இருக்கலாம். கண் பாவையை விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரை முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள், நாளைக்கே.