கோப்ராவுக்குச் சாலிட் ஆக்சில்: ஹவுசிங் சுலபம், சுற்றியிருப்பதுதான் வேலை

கேள்வி: என்னிடம் 2003 மாடல் ஃபோர்டு எஸ்விடி மஸ்டாங் கோப்ரா கார் இருக்கிறது. டிராக் ஸ்ட்ரிப்பில் கிளட்ச்சை விட்டதும் பின்சக்கரங்கள் தத்துகின்றன. ஹாஃப் ஷாப்ட் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) இரண்டு முறை உடைந்துவிட்டது. ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியாக அசையும் இன்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனை (ஐஆர்எஸ்) கழற்றிவிட்டு, இரு சக்கரங்களையும் ஒரே ஹவுசிங்கில் இணைக்கும் ஜிடி மாடலின் சாலிட் ஆக்சிலைப் போடலாமா? வெட்டி ஒட்டும் வேலை வருமா? என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: போடலாம். ஆக்சிலைப் பொருத்துவதற்காக பாடியை வெட்ட வேண்டியதில்லை. 1999 கோப்ராவில் தொடங்கிய இந்த ஐஆர்எஸ் சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் தனிச் சட்டம்), சாதாரண மஸ்டாங்கில் சாலிட் ஆக்சிலின் ஆர்ம்கள் பிடிக்கும் இடங்களையே பயன்படுத்தும்படி வடிவமைக்கப்பட்டது. அதனால் ஜிடியின் ஆர்ம்கள் உங்கள் காரிலும் நேராக உட்காரும்.

அதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். சக்கரம் தத்துவதற்கு முக்கியக் காரணம் ரப்பர். சப்ஃபிரேமும் டிஃபரன்ஷியலும் மெத்தென்ற ரப்பர் புஷ்களில் தொங்குகின்றன. டார்க் (முறுக்கு விசை) ஏறும்போது அவை முறுக்கிக்கொள்ளும், டயர் நழுவியதும் சட்டென்று விடும், பிடித்ததும் மறுபடி முறுக்கும். அந்த அடிதான் ஹாஃப் ஷாப்டையும், டிஃபரன்ஷியல் கவரின் அலுமினியக் காதுகளையும் உடைக்கிறது. மாதம் ஒருமுறை ஸ்ட்ரிப்புக்குப் போய், மற்ற நாட்களில் சாலையில் ஓட்டுபவர் என்றால் டெல்ரின் (கெட்டி பிளாஸ்டிக்) அல்லது அலுமினியப் புஷ், கவருக்கு ஒரு பிரேஸ், தடித்த ஹாஃப் ஷாப்ட் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மேடுபள்ளமான வளைவில் ஐஆர்எஸ் தரும் பிடிப்பு சாலிட் ஆக்சிலில் வராது. ஸ்லிக் டயர் (வரியில்லாத பந்தய டயர்), சூப்பர்சார்ஜர் புல்லியை மாற்றிக் கூடுதல் சக்தி என்று போகிறவருக்கு மட்டும் மாற்றம் லாபம்.

ஆக்சிலை உதிரியாக வாங்காதீர்கள். 1999 முதல் 2004 வரையிலான ஜிடியிலிருந்து ஹவுசிங், நான்கு ஆர்ம், ஸ்பிரிங், ஷாக், ஸ்டெபிலைசர் பார், ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் போல்ட்டோடு மொத்தமாக எடுங்கள். 1994–98 ஆக்சில் பக்கத்துக்கு முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. குறுகலானது. அதைப் போட்டால் சக்கரம் உள்ளே போய்விடும், ஸ்பேசர் தேட வேண்டிவரும்.

உங்கள் ஸ்பிரிங்கைச் சாலிட் ஆக்சிலில் போட முயலாதீர்கள். ஐஆர்எஸ்ஸில் ஸ்பிரிங் சக்கரத்திலிருந்து வெகு உள்ளே, கீழ் ஆர்மின் மேல் இருப்பதால் அதை மிகவும் கெட்டியாகச் செய்திருக்கிறார்கள். ஆக்சில் மேல் வைத்தால் கார் பின்னால் தூக்கி நிற்கும். ஷாக்கும் அப்படியே.

ஜிடி ஹவுசிங் 8.8 அங்குல வகை. உள்ளே, முனையில் 28 பல் வெட்டிய ஆக்சில் ஷாப்ட் இருக்கும். 390 குதிரைத்திறன் கோப்ராவை ஸ்லிக் டயரில் கிளப்ப அது போதாது. 31 பல் ஷாப்டும் அதற்கேற்ற டிஃபரன்ஷியலும் போடுங்கள். ஏபிஎஸ் டோன் ரிங் (சக்கர வேகத்தை அளக்க உதவும் பல் வளையம்) இல்லாமல் வரும் ஷாப்ட்களும் உண்டு, வாங்கும் முன் கேளுங்கள். இன்னொரு பலவீனம், டியூப்கள் வார்ப்பிரும்பு நடுப்பகுதிக்குள் அழுத்திச் செருகி, புள்ளி வெல்டில் மட்டுமே நிற்பது. கடுமையான லாஞ்சில் டியூப் சுழன்றுவிடும். ஹவுசிங் காலியாக இருக்கும்போதே வார்ப்பைச் சூடாக்கி, நிக்கல் ராடால் சுற்றிலும் வெல்ட் செய்து, மெல்ல ஆறவிடுங்கள். வார்ப்பிரும்பு வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். அவசரமாக ஆறினால் விரிசல் விடும்.

கிரௌன்-பினியன் புதிதாகப் போட்டால் பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான தளர்வு) 0.20 முதல் 0.38 மி.மீ. வரை இருக்கட்டும். கோப்ராவில் இருந்தது 3.55 விகிதம். ஜிடி ஹவுசிங்கில் பெரும்பாலும் 3.27 கிடைக்கும். விகிதம் மாறினால் கம்ப்யூட்டர் டியூனிலும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டும். டிஃபரன்ஷியலின் குறுக்குப் பின்னைப் பூட்டும் சிறிய போல்ட்டைப் பழையதாக விடாதீர்கள், திரெட் லாக்கரோடு புதிது போடுங்கள். அது ஒடிந்தால் பின் நழுவி ஹவுசிங்கையே கிழிக்கும். ஆயில் 75டபிள்யூ-140, சுமார் 1.8 லிட்டர். டிராக்ஷன்-லாக் (ஒரு சக்கரம் மட்டும் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) என்றால் 118 மி.லி. ஃபிரிக்ஷன் மாடிஃபையரும் சேரும்.

இந்த வேலையில் பலர் சறுக்குவது புரப்பெல்லர் ஷாப்டில். ஐஆர்எஸ்ஸில் பினியன் அசையாது, அதனால் கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்லிப் யோக்கும் (ஷாப்டின் சறுக்கும் முனை) உள்ளும் புறமும் அதிகம் போகாது. சாலிட் ஆக்சில் மேலும் கீழும் ஆடும்போது யோக் ஒவ்வொரு முறையும் நகரும். கார் தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போது, யோக் முழுதாக உள்ளே முட்டும் நிலையிலிருந்து 20–25 மி.மீ. வெளியே இருக்க வேண்டும். இடம் குறைந்தால் ஒரு பள்ளத்தில் ஷாப்ட் கியர்பாக்ஸின் பின்பக்கத்தில் இடிக்கும். ஹவுசிங்கை மாட்டிய பிறகு அளந்து, அந்த அளவுக்கு ஷாப்ட் செய்யச் சொல்லுங்கள். பழையது பொருந்தும் என்று நம்பி விடாதீர்கள். பினியன் ஃபிளாஞ்சின் துளை அமைப்பையும் அப்போதே ஒப்பிடுங்கள்.

சைலன்சர் பைப்பும் மாறும். ஆக்சிலுக்கு மேலே வளைந்து போகும் ஜிடி டெயில் பைப் தேவை. பின்பிரேக்கைப் பெரிதாகவே வைத்துக்கொள்ள விரும்பினால், 1994–98 கோப்ராவில் சாலிட் ஆக்சிலோடு வந்த 11.65 அங்குல டிஸ்கின் பிராக்கெட்டைத் தேடுங்கள். ஜிடியின் டிஸ்க் 10.5 அங்குலம்தான். உங்கள் காரில் பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாய் ஒன்றா இரண்டா என்று பார்த்து ஹோஸைத் தேர்ந்தெடுங்கள்.

மேல் ஆர்ம்கள் சாய்வாக இருந்து ஆக்சிலைப் பக்கவாட்டிலும் பிடிக்கின்றன. இரு முனைக்கும் கெட்டி பாலியூரித்தேன் போட்டால் ஆக்சில் சாயும்போது மாட்டிக்கொள்ளும், அந்த விசை பாடியின் டார்க் பாக்ஸை (ஆர்ம்கள் பிடிக்கும் தகட்டுப் பெட்டி) கிழிக்கும். மேல் ஆர்மில் ரப்பரோ, கோள மூட்டோ வையுங்கள், கெட்டித்தனத்தைக் கீழ் ஆர்மில் காட்டுங்கள். டார்க் பாக்ஸை இப்போதே பலப்படுத்திவிடுவது நல்லது. ஆக்சில் உள்ளே வந்த பிறகு அங்கே கை நுழைவது கடினம். பாடியில் இதற்கு மட்டும் துளையிடலோ வெல்டிங்கோ வரும்.

சப்ஃபிரேமை இறக்கும்போது கியர்பாக்ஸ் ஜாக்கியும் இரண்டு ஆட்களும் வேண்டும், தரை ஜாக்கியில் தனியாக முயன்றால் சாய்ந்துவிடும். பினியன் மூக்கு, புரப்பெல்லர் ஷாப்டை ஒப்பிட கெட்டிப் புஷ்ஷில் 1–2 டிகிரி, ரப்பரில் 2–4 டிகிரி கீழே இருக்கட்டும். ஆர்ம் போல்ட்களைக் கார் தன் எடையில் நிற்கும்போது மட்டும் இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

8.8 ஹவுசிங்கில் ஆக்சில் ஷாப்ட்டைப் பிடித்திருப்பது ஒரு சிறிய சி-கிளிப். ஷாப்ட் ஒடிந்தால் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும். என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் பந்தய அமைப்பு) விதிப்படி கால் மைலை 10.99 வினாடியிலோ அதற்கு வேகமாகவோ ஓடும் காருக்கு சி-கிளிப் எலிமினேட்டர் போன்ற தடுப்பு கட்டாயம். ஸ்லிக் டயரில் 13.99 வினாடியைத் தொட்டாலே புரப்பெல்லர் ஷாப்டுக்குப் பாதுகாப்பு வளையமும் கேட்பார்கள், அதையும் இந்த வேலையோடு மாட்டிவிடுங்கள்.